என்னை எடுக்க வேண்டாம்

1

எங்கள் ஊரில் மீண்டும் வெளிச்சக்கூட்டுக் காலம் வந்துவிட்டது. எங்கள் ஊர் என்று நான் எழுதுவது ஜேர்மனியிலுள்ள எர்லாங்கனை. யாழ்ப்பாணத்திலிருந்து வாசிக்கிறவர்கள் கோபிக்க வேண்டாம். ஒரு இடத்தில் இத்தனை வருடம் குப்பையை நிறம் நிறமாகப் பிரித்துப் போட்டால் அதுவும் ஊர்தான்.

நவம்பர் பிறந்ததும் இங்கே சின்னப் பிள்ளைகள் காகிதத்தில் கூடு செய்து, உள்ளே ஒரு குட்டி மின்குமிழ் வைத்து, தடியில் தொங்கவிட்டு, இருட்டுப்பட்டதும் பாட்டுப் பாடிக்கொண்டு தெருவழியே போவார்கள். குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனுக்குத் தன் போர்வையைப் பாதியாகக் கிழித்துக் கொடுத்த ஒரு புனிதரின் நினைவாக இந்த ஊர்வலம். எங்கள் நாட்டில் வெசாக் பண்டிகைக்குக் கட்டுகிற கூட்டைச் சுருக்கிப் பிள்ளையின் கையில் கொடுத்தது போல இருக்கும். நல்ல வடிவு. போன வருடம் வரைக்கும் எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இந்த வருடம் கூடுகள் கண்ணில் படத் தொடங்கியதும், ரயில் நிலையத்திலிருந்து வேறு வழியால் வீட்டுக்கு வருகிறேன். கொஞ்சம் சுற்றுத்தான். காரணம் கேட்டால் இவருக்குக்கூட எனக்கு ஒழுங்காகச் சொல்ல வராது. இவர் என்றால் என் கணவர் சுதன். ஊரிலிருந்து தொலைபேசி எடுக்கிற சித்தி, "படிப்பு, பிள்ளை, அதோட உந்தப் படம் பிடிக்கிற விசர் வேற, எல்லாத்தையும் எப்பிடியடி சமாளிக்கிறாய்?" என்று கேட்பார். "அது நடக்குது சித்தி" என்று சொல்லிவிட்டுக் கதையை மாற்றிவிடுவேன். நடந்த விதத்தை இங்கேதான் எழுதிப் பார்க்கிறேன்.

2

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். எடுக்கிறது.

கலியாணம் முடித்து இங்கே வந்த புதிதில் இவருடைய அக்கா ஒரு நாள் தேத்தண்ணிக் கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு, "நான் பிள்ளையை எடுக்கப் போறன்" என்று எழும்பினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரில் நாங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவோம், சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வருவோம். எடுப்பதில்லை.

"எடுக்கிறதுக்குப் பிள்ளை என்ன பார்சலோ மச்சாள்?" என்று கேட்டேன்.

"இஞ்ச கொஞ்சக் காலம் இரும். நீரும் எடுப்பீர்" என்றார்.

சொன்னது பலித்தது. மிதுனா பிறந்து நடக்கத் தொடங்கியதும் நானும் எடுக்கத் தொடங்கினேன். பாலர் பள்ளியில் எடுத்தேன், பிறகு ஹோர்ட்டில் எடுத்தேன். பள்ளிக்கூடம் முடிந்த பிறகு வேலைக்குப் போகிற பெற்றோரின் பிள்ளைகளை மாலைவரை வைத்துப் பார்க்கிற இடம்தான் ஹோர்ட். அங்கே சேர்த்த அன்று இரண்டு தாள் தந்தார்கள். ஒன்றில், பிள்ளையைக் கூட்டிப்போக யார் யாருக்கு அனுமதி என்று எழுத வேண்டும். மற்றதில், பிள்ளையைப் படம் எடுக்கச் சம்மதமா என்று எழுத வேண்டும். நானும் இவரும் சமையலறை மேசையில் இருந்து நிரப்பினோம்.

"இது என்னத்துக்கு?" என்று கேட்டார் இவர்.

"பிள்ளையை எடுக்கிறதுக்கு."

"அதுக்குத்தானே இப்ப கையெழுத்துப் போட்டனான்?"

"அது எடுக்கிறதுக்கு. இது எடுக்கிறதுக்கு."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். கூட்டிப்போகிறவர்களின் பட்டியலில் எங்கள் பெயர்களோடு, எங்கள் தெருவிலேயே இருக்கிற எம்மா என்ற பிள்ளையின் தாயாரின் பெயரையும் சேர்த்தோம். அவசரத்துக்கு உதவும் என்று. படம் எடுப்பதற்கும் சம்மதம் என்று எழுதினோம். அன்றைக்குச் சிரித்ததை நினைத்தால் இப்போது எரிச்சலாக இருக்கிறது.

3

படம் எடுக்கிற விசர் எனக்கு ஊரில் பிடித்ததல்ல. அங்கே நான் வளர்ந்த காலத்தில் தெருவில் கமராவைத் தூக்கினால், தூக்கியவருக்கும் ஆபத்து, படத்தில் விழுந்தவருக்கும் ஆபத்து. அந்த வருடங்களில் எடுத்ததாக என்னிடம் இருப்பவை இரண்டே படங்கள். ஒன்று அடையாள அட்டைக்கு எடுத்தது. மற்றது குடும்பப் படம். வீட்டிலிருக்கிற எல்லோரும் வரிசையாக நின்று எடுத்து, ராணுவத்திடம் பதிந்து, பிரதியை வீட்டில் வைத்திருக்க வேண்டும். சோதனைக்கு வருகிறவர்கள் படத்திலுள்ள தலைகளையும் வீட்டிலுள்ள தலைகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அந்தப் படத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. கூடப் பிறந்தவர்களோடு நான் நிற்கிற ஒரே படம் அதுதான்.

இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் எனக்கு டொச், அதாவது ஜேர்மன் மொழி, தெரியாது. கடைக்காரி என்ன சொன்னாலும் தலையாட்டினேன். கதைக்க முடியாத இடத்தில் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. பழைய சாமான் சந்தையில் ஒரு கமரா வாங்கித்தரச் சொல்லி இவரிடம் கேட்டேன். அதன் பிறகு தெரு எனக்குப் பயமாக இருக்கவில்லை. பேருந்துக்கு ஓடுகிற கிழவி, மழைக்குத் தலையில் பத்திரிகை பிடித்த மனிதர், நாயோடு சண்டைபிடிக்கிற பெண், எல்லோரும் எனக்குத் தெரிந்தவர்கள் போல இருந்தார்கள்.

மிதுனா பிறந்ததும் அவளை எடுத்துத் தள்ளினேன். தூங்கினால் எடுத்தேன், அழுதால் எடுத்தேன், பல் விழுந்தால் விழுந்த பல்லையும் எடுத்தேன். என் பிள்ளைக்கு ஒரு வயதுகூடப் படம் இல்லாமல் போகக் கூடாது என்ற வெறி. எட்டு வயது வந்ததும் அவள் முகத்தைத் திருப்பத் தொடங்கினாள்.

ஒரு சனிக்கிழமை, பேருந்துத் தரிப்பிடத்தில் ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரை எடுத்தேன். அவர் நேரே என்னிடம் வந்து, படத்தை உடனே அழிக்கச் சொன்னார். குரல் உயர்ந்தது. சனம் பார்த்தது. பதற்றத்தில் எனக்கு டொச் வரவில்லை. மிதுனாதான் அவரோடு கதைத்து மன்னிப்புக் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அழியுங்கோ அம்மா. கேக்காமல் எடுக்கக் கூடாது. பள்ளிக்கூடத்தில படிச்சனாங்கள். ஒவ்வொருத்தருக்கும் தங்கட படத்தில உரிமை இருக்கு."

அழித்தேன். அன்றிலிருந்து கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறேன். வீடு வரும்வரை அவள் எனக்கு நாலு அடி முன்னால் நடந்தாள்.

4

கல்லூரிக்கு வருவோம். பக்கத்து நகரமான நியூர்ன்பேர்க்கில் சமூகப் பணி படிக்கிறேன். அதில் சேர்வதற்கே இரண்டு வருடம் பிடித்தது. என் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒற்றை எழுத்தாக முன்னால் நிற்கிறது. கடவுச்சீட்டில் அது முழுநீளத்தில் குடும்பப் பெயராகிவிட்டது. கலியாணப் பதிவில் வேறு எழுத்துக்கூட்டல். ஒவ்வொரு அலுவலகத்துக்கும் ஒரு டேர்மீன். நேரம் குறித்துத் தராமல் இங்கே கடவுளையும் பார்க்க ஏலாது. "இந்த மூன்று பெயரும் ஒரே ஆள் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று ஒரு அலுவலர் கேட்டார். நான் என் முகத்தைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

வகுப்பில் எல்லோரும் என்னைவிடப் பதினைந்து வயது குறைந்தவர்கள். அவர்கள் ஒருமுறை வாசித்து முடிப்பதை நான் அகராதியோடு மூன்று முறை வாசிக்க வேண்டும். கல்லூரியில் வீட்டு நினைவு. வீட்டில் கட்டுரை நினைவு. இரண்டுக்கும் நடுவே, வகுப்பு முடிந்து ரயில் வரும்வரை கொஞ்ச நேரம் கிடைக்கும். ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற தெருக்களில் கமராவோடு நடப்பேன். அந்த நேரத்தில் என்னை ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். அது எனக்கு வேண்டியிருந்தது. இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

இனிப் போன நவம்பர். ஊர்வல நாள். ஹோர்ட் ஆசிரியைகள் பிள்ளைகளை அழைத்துப்போவார்கள். பெற்றோர் கூட நடக்கலாம். முடியாதவர்கள் கடைசியில் தேவாலய முற்றத்துக்கு வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாம். எனக்கு வகுப்பு. இவருக்கு மாலை வேலை. கடைசியில் முற்றத்துக்கு நான் வருவதாக ஏற்பாடு.

காலையில் மிதுனா சப்பாத்துப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"அம்மா, இண்டைக்கு என்னை எடுக்க வேண்டாம். சரியோ?"

நான் அவளுடைய சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு நின்றேன்.

"ஏன் பிள்ளை?"

"எல்லாரும் பாப்பினம். வெக்கமாக் கிடக்கு."

"அப்ப?"

"எம்மாவின்ர அம்மா எடுக்கிறா. எங்கள் எல்லாரையும் அவதான் எடுக்கிறாவாம். அது காணும்."

எனக்குச் சுருக்கென்றது. எம்மாவின் அம்மாவிடம் பெரிய வாகனம் இருக்கிறது. எங்கள் தெருப் பிள்ளைகளை அவர்தான் கொண்டுவந்து விடப்போகிறார் என்று விளங்கிக்கொண்டேன். பட்டியலில் அவர் பெயரும் இருக்கிறதே. வெட்கம் என்று அவள் சொன்னது நெஞ்சில் நின்றது. தட்டுத்தடுமாறி டொச் கதைக்கிற அம்மா சிநேகிதிகளுக்கு முன்னால் வந்து நிற்பது அவளுக்கு வெட்கம் என்று நினைத்தேன். மேலே ஒரு கேள்வி கேட்டிருந்தால் எல்லாம் வெளித்திருக்கும். ரோசம் விடவில்லை.

"சரி" என்றேன்.

வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. தெருவெல்லாம் ஈரம், எல்லா விளக்கும் இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஓட வேண்டியதில்லை என்ற நினைப்பே உடம்புக்கு இதமாக இருந்தது. ஒரு ரயிலைப் போகவிட்டேன். அடுத்ததையும் விட்டேன்.

ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் ஒரு தகப்பன் குந்தியிருந்து மகளின் கூட்டில் அணைந்துபோன குமிழைத் திருகிக்கொண்டிருந்தார். சிவப்புத் தொப்பி போட்ட சின்னப் பிள்ளை. கூடு எரியுமா எரியாதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கமராவைக் காட்டி, எடுக்கட்டுமா என்று தகப்பனிடம் கேட்டேன். தலையாட்டினார். கூடு எரிந்த அந்தக் கணத்தில் வெளிச்சம் இரண்டு முகத்திலும் ஒன்றாக விழுந்தது. எடுத்தேன். இத்தனை வருடத்தில் நான் எடுத்த படங்களில் அதுதான் நல்லது. அது எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்தது.

ரயிலில் இருந்துதான் கைப்பையிலிருந்த தொலைபேசியைப் பார்த்தேன். வகுப்புக்காகச் சத்தத்தை நிறுத்தியது அப்படியே கிடந்தது. திரை நிறைய ஹோர்ட்டின் இலக்கம்.

5

தேவாலய முற்றத்தில் சனம் கலைந்துவிட்டிருந்தது. படியில் ஒரு ஆசிரியையும் மிதுனாவும். ஆசிரியை தன் சால்வையைக் கழற்றி அவள் தோளில் சுற்றியிருந்தார். கூடு அணைந்து மடியில் கிடந்தது. நீலத் தாளில் ஆந்தை. நாங்கள் இருவரும் சேர்ந்து ஒட்டியது.

"எத்தனையோ தடவை அழைத்தோம்" என்றார் ஆசிரியை. "எம்மாவின் தாயார் கூட்டிப்போவதாகச் சொன்னார். இவள் போக மாட்டேன் என்றுவிட்டாள். அம்மா வருவார் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்."

நான் மிதுனாவுக்கு முன்னால் குந்தினேன்.

"நீதானே பிள்ளை எடுக்க வேண்டாம் எண்டனீ?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் முதலில் ஒன்றும் விளங்காத திகைப்பு. பிறகு விளங்கியது. முகம் கோணியது.

"போட்டோ அம்மா! போட்டோ எடுக்க வேண்டாம் எண்டனான்! எம்மாவின்ர அம்மா ஹோர்ட்டுக்குப் போட்டோ எடுக்கிறா எண்டனான்!"

நான் அவளை அணைக்கப் போனேன். அவள் எழும்பி, சால்வையை மடித்து ஆசிரியையிடம் கொடுத்து, டொச்சில் நன்றி சொன்னாள். என்னிடம் "எகால்" என்றாள். பரவாயில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம், எப்படிப் போனாலும் எனக்கென்ன என்றும் வைத்துக்கொள்ளலாம். டொச்சில் எனக்குப் பிடிக்காத சொல் அதுதான். அதன் பிறகு அவள் என்னோடு டொச்சில்தான் கதைத்தாள். நான் தமிழில் கேட்பேன், அவள் டொச்சில் பதில் சொல்வாள். சாப்பிடுகிறாயா என்றாலும் எகால். குளிருதா என்றாலும் எகால்.

ஹோர்ட்டில் கதைக்க வரச்சொல்லி டேர்மீன் தந்தார்கள். எங்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதை எனக்குத் தெரிந்த டொச்சில் விளக்கினேன். விளக்க விளக்க நான் பொய் சொல்கிறவள் போல எனக்கே கேட்டது. பொறுப்பாயிருந்த பெண்மணி நல்லவர்தான். பொறுமையாகக் கேட்டார். பிறகு, வீட்டில் டொச் கதைத்தால் பிள்ளைக்கு உதவியாக இருக்கும் என்று சொல்லி, குறிப்பில் இரண்டு வரி எழுதிக்கொண்டார். அப்படிக் குறிப்பு எழுதுவதற்குத்தான் கல்லூரியில் எனக்குப் பாடம் நடக்கிறது. என் பிள்ளையைப் பற்றிய அந்த இரண்டு வரியை அவர் காட்டாமலே என்னால் சொல்ல முடிந்தது.

வீட்டில் இவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"ஏதாவது ஒண்டை விடும். படிப்பை விடும், இல்லாட்டி உந்தக் கமராவை விடும்" என்றார்.

"ஏன் நான் மட்டும் விட வேணும்? நீங்கள் உந்த மாலை வேலையை விடுங்கோவன்" என்றேன்.

அந்த வேலையில்தான் மூன்று பேரும் சாப்பிடுகிறோம் என்பது எனக்கும் தெரியும். நான் ஒன்றையும் விடவில்லை. கமராவை மட்டும் குளிர்காலம் முழுவதும் வெளியே எடுக்கவில்லை.

வசந்தத்தில் கல்லூரியில் மாணவர்களின் படங்களை நடைபாதைச் சுவரில் தொங்கவிட்டார்கள். வகுப்புப் பிள்ளை ஒருத்தி கட்டாயப்படுத்த, நானும் ஒன்று கொடுத்தேன். எந்தப் படம் என்று சொல்ல வேண்டியதில்லை. கொடுக்காமல் விட்டிருக்கலாம்தான். இருந்ததில் நல்லது அது. அந்தத் தகப்பனைப் பிறகும் ஒருமுறை அதே தெருவில் கண்டு, தொங்கவிடச் சம்மதமும் கேட்டிருந்தேன்.

திறப்பு நாளில் இவரும் மிதுனாவும் வந்தார்கள். நின்றவர்கள் படத்தைப் புகழ்ந்தார்கள். ஒரு விரிவுரையாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கொஞ்ச நேரம் நான் நன்றாகத்தான் இருந்தேன். மிதுனா மட்டும் படத்துக்கு முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இது அண்டைக்கு எடுத்ததோ?" என்று கேட்டாள். தமிழில்.

"ஓம்."

"கேட்டனீங்களோ?"

"ஓம் பிள்ளை. தகப்பன் ஓமெண்டவர்."

அவள் இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தாள். சிவப்புத் தொப்பியை, கூட்டை, குந்தியிருந்த மனிதரை.

"அவளை அவளின்ர பப்பா எடுக்க வந்தவர். நீங்களும் எடுத்தனீங்கள்" என்றாள். "என்னை ஒருத்தரும் எடுக்கேல்ல."

குரலில் கோபம் இல்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் என்னோடு முழுசாகக் கதைத்த தமிழ் அது. விரிவுரையாளர் சிரித்தபடி, பிள்ளை என்ன சொல்கிறாள் என்று கேட்டார். படம் பிடித்திருக்கிறதாம் என்று சொன்னேன்.

6

நாள் ஓடுகிறது. படிப்பு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. இப்போது வகுப்பு முடிந்ததும் முதல் ரயிலையே பிடிக்கிறேன். ஹோர்ட் வாசலில் நேரத்துக்கு முன்னாலேயே போய் நிற்கிறேன். மற்றத் தாய்மார் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். தாமதமாகி வியர்த்து ஓடி வருகிற தாயைக் கண்டால் மட்டும் கொஞ்சம் அதிகமாகச் சிரிப்பேன். மிதுனா வருவாள், பையை என்னிடம் தர மாட்டாள், பக்கத்தில் நடப்பாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். நல்ல பிள்ளை. குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய குறை.

கணினியில் அவளுக்கென்று ஒரு கோப்புறை இருக்கிறது. அதற்குள் ஒவ்வொரு வயதுக்கும் ஒன்று. ஒன்பது வயதுக் கோப்புறையில் பள்ளிக்கூடத்தில் எடுத்த வகுப்புப் படம் ஒன்று மட்டும். முப்பது பிள்ளைகளுக்கு நடுவே பின்வரிசையில் நிற்கிறாள். சிரிக்கவில்லை.

இந்தக் கிழமை, கூட்டுக் காலம் தொடங்கிய அன்று, பள்ளிப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். பிள்ளை இனித் தனியாக வீட்டுக்கு வரலாம், அழைத்துப்போக ஒருவரும் வரத் தேவையில்லை என்று பெற்றோர் ஒப்பம் வைக்க வேண்டிய தாள். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் இப்படித்தான் வருகிறார்களாம். அடுத்த வருடம் பெரிய பள்ளிக்கூடம். எப்படியும் தனியாகத்தான் போகப்போகிறாள். நியாயமான விசயம். நான் வாசித்து முடிக்கும்வரை பொறுமையாக நின்றாள்.

"அம்மா" என்றாள். தமிழில்தான் சொன்னாள். "இனி என்னை எடுக்க வேண்டாம்."

இந்தமுறை நான் கேட்டேன். ஒரு வருடத்துக்கு முன்னால் காலையில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"எந்த எடுக்கிறது, பிள்ளை?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். என் மனம் நோகக் கூடாது என்று யோசித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

"ரெண்டும்" என்றாள்.

பேனையையும் அவளே கொண்டுவந்திருந்தாள்.